காட்சித் திரிபும் குணவியல்பும்

படமொன்றைக் காட்டி, "இதனுள் நுமக்கு முதற்கண் தோன்றியது யாது?" என வினாவி, கண்டார் விடை கூறிய அளவிலே அவர்தம் குணத்தை வரையறுத்துரைக்கும் வழக்கமொன்று இக்காலத்துப் பெரிதும் பரவியுளது. நாளிதழ்களின் வார இணைப்புக்களிலும், கைப்பேசி வழியே வருஞ் செய்திகளிலும் இத்தகைய படங்கள் நாடோறுங் காணப்படுகின்றன. மரமொன்று வரையப்பட்டிருக்கும், அதன் கிளைகளினிடையே இருவர் முகங்களும் மறைந்திருக்கும். மரத்தை முன்னர்க் கண்டார் அமைதியுடையார் என்றும், முகங்களை முன்னர்க் கண்டார் பிறரோடு கலந்து பழகும் இயல்பினர் என்றும் கீழே பயன் எழுதப்பட்டிருக்கும். பொழுதுபோக்கென இதனை விடுத்தொழிதல் கூடும். ஆயினும், பள்ளிச் சிறான் ஒருவனை நோக்கி, "நீ இதனையன்றோ முதலிற் கண்டனை, ஆகலின் நீ ஊக்கமில்லாதவன்" என வீட்டார் உரைப்பாராயின், அச்சொல் அவன் நெஞ்சத்திற் பல்லாண்டு தங்கிவிடும். மணம் பேசுமிடத்தும், வேலைக்கு ஆள் தெரியுமிடத்தும் இம்முறை புகுமாயின் விளையுந் தீங்கு சிறிதன்று. ஆதலின், இப்படங்கள் காண்பானைப்பற்றி உண்மையில் யாது உணர்த்துவன, யாது உணர்த்தமாட்டா என்பது, அளவை நூன்முறை கொண்டும் உளநூலார் செய்த சோதனைகள் கொண்டும் ஈண்டு ஆராயப்படும்.

சித்தாந்த அளவை நூலார், குற்றமற்ற காட்சியைப் பிரித்துணர்த்தற் பொருட்டு ஐயத்தையுந் திரிபையும் முதற்கண் விலக்குவர். ஐயமாவது, ஒரு பொருளை இதுவோ அதுவோ எனத் துணிவு பிறவாது கருதுதல். அந்திப்பொழுதிற் சேய்மைக்கண் நிற்பதொன்றைக் குற்றியோ மகனோ என எண்ணுதல் போல்வது. திரிபாவது, ஒன்றனைப் பிறிதொன்றாகத் துணிந்துவிடுதல். கயிற்றைப் பாம்பென்றும், இப்பியை வெள்ளியென்றும் கொள்ளுதல் போல்வது. இனி, காட்சி நிகழும் முறையில் இரு நிலைகள் கூறுவர். பொருள் உளது என்னும் அளவிற் பற்றுவது நிருவிகற்பம். அதனையே பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தனோடுங் கூட்டி 'இஃது இன்னது' என அறிவது சவிகற்பம். இவை அளவை நூல் தொடங்கும் மாணாக்கரும் அறிந்தனவே. ஆயினும் திரிபுக்குக் கூறப்படும் எடுத்துக்காட்டுக்களினுள்ளே அடங்கிக் கிடக்கும் வேற்றுமையொன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

அஃதாவது: கயிற்றைப் பாம்பெனக் கண்டு அஞ்சியவன் விளக்கைக் கொணர்ந்து பார்த்த அளவிலே பாம்பு ஒழிகின்றது. கயிறென்று அறிந்தபின் அவன் மீண்டும் விரும்பி முயன்றாலும் அதனைப் பாம்பாகக் காண்டல் அரிது. ஆண்டு அறிவு வரத் திரிபு நீங்கிற்று. மற்று, கண்ணின் ஒருபுறத்தை விரலால் மெல்ல அழுத்தித் திங்களை நோக்குவானுக்குத் திங்கள் இரண்டாகத் தோன்றும். திங்கள் ஒன்றே என்று அவன் ஐயமற அறிவன்; அறிந்தும் இரண்டாகவே காண்பன். நீரில் நட்ட கோல் வளைந்து தோன்றுதலும் அன்னதே. கோலைப் பன்முறை வெளியே எடுத்து நேரிதெனத் தெளிந்து மீண்டும் இட்டாலும், அது வளைந்தே தோன்றும். ஆண்டு அறிவு வந்துந் திரிபு நீங்கிற்றில்லை. காமாலை நோயுற்றான் வெண்சங்கை மஞ்சளாகக் காண்பன் என்னும் எடுத்துக்காட்டும் இவ்வினத்ததாகவே நூல்களிற் கூறப்படும். அந்நோயுற்றார்க்குப் பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுதல் மிக அரிது என்று மருத்துவர் கூறுவராயினும், நியாயத்திற்கு அதனால் இழுக்கில்லை. எனவே, அறிய நீங்குந் திரிபு, அறிந்தும் நீங்காத் திரிபு எனத் திரிபு இருவகைத்தாதல் பெறப்படும். உளநூலார் காட்டும் உருவங்களை ஆராயப் புகுவார் இவ்வேற்றுமையைக் கைவிடாது பற்றிக்கொள்ளல் வேண்டும்.

நீங்காத் திரிபிற்கு மிகத் தெளிவான சான்று, ஜெர்மனி நாட்டு மியூல்லர்-லையர் என்பார் 1889-ஆம் ஆண்டில் வெளியிட்ட உருவமாகும். பலகையொன்றிற் சுண்ணக்கோலால் ஒரே நீளமுடைய இரண்டு நேர்கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைக. ஒரு கோட்டின் இரு முனைகளிலும் அம்பின் தலைபோல உள்நோக்கிச் சாய்ந்த சிறு கோடுகளை இடுக. மற்றதன் முனைகளில் அம்பின் இறகுபோல வெளிநோக்கி விரிந்த சிறு கோடுகளை இடுக. இப்பொழுது இரண்டாவது கோடு முதற்கோட்டினும் நீண்டதாகத் தோன்றும். அளவுகோல் கொண்டு அளக்க. இரண்டும் ஒத்தனவே என்பது விளங்கும். அளவுகோலை எடுத்துவிட்டு நோக்குக. மீண்டும் ஒன்று நெடிதாகவும் ஒன்று குறிதாகவுமே நிற்கும். வரைந்தவன் தானே, அளந்தவன் தானே. அங்ஙனமாகவும் அவன் கண் அவன் அறிவிற்குக் கீழ்ப்படியாது நிற்றல் காண்க.

திங்களும் இதற்குச் சான்றாகும். நிறைமதி நாளிற் கீழ்வானத்தெழும் திங்கள் பெருவட்டமாகவும், நள்ளிரவில் உச்சி வானத்து நிற்பது சிறுவட்டமாகவும் தோன்றும். உண்மையில் இரண்டிடத்தும் அது கண்ணிற்கு ஏறத்தாழ அரைப்பாகை அளவினதே. கையை முற்ற நீட்டிச் சிறுவிரல் நகத்தால் மறைத்துப் பார்ப்பின், எழுமதியையும் உச்சிமதியையும் அந்நகமே ஒப்ப மறைத்தல் புலனாம். இத்தோற்றம் வானின்கண் உள்ளதன்று, காண்பானது உணர்வின்கண் உள்ளது என்னுங் கருத்தை, பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு நாட்டுப் பேரறிஞர் இப்னு அல்-ஹைதம் தம் ஒளிநூலில் எடுத்துரைத்துள்ளார். அண்மையில், 1995-இல், அமெரிக்க நாட்டு எட்வர்ட் அடெல்சன் என்பார் சதுரங்கப் பலகை போன்ற படமொன்று வரைந்தனர். அதில் உருளையொன்றன் நிழலுட்பட்ட வெண்கட்டமும், நிழலுக்குப் புறம்பான கருங்கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறத்தன. காண்பார்க்கோ ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று கறுப்பாகவுமே தோன்றும். இரண்டனையும் இணைத்து ஒரு பட்டை தீட்டிக் காட்டினாலன்றி ஒருவரும் நம்பார்.

இவை இங்ஙனம் தோன்றுதற்குக் காரணம் யாதெனின், கண்ணின் உட்படியும் வடிவம் தட்டையானது. உலகமோ ஆழமும் சேய்மையும் ஒளியும் நிழலும் உடையது. ஆகவே, தட்டையான குறியிலிருந்து உலகத்தை உய்த்துணரும் தொழிலொன்று காண்பானை அறியாமலே நடைபெறல் வேண்டும். ஜெர்மனி நாட்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் 1867-இல் முற்றுவித்த ஒளியுணர்ச்சி நூலில் இதனை 'அறியாது நிகழும் அனுமானம்' என்னும் பொருள்பட விளக்கினர். நிழலுட்பட்ட பொருள் தன் உண்மை நிறத்தினும் இருண்டு தோன்றும் என்பதனைக் கண் முன்னரே கணக்கிட்டு, அவ்விருளைக் கழித்துக் காட்டுகின்றது. அக்கழிவு உலகத்தில் நடக்கும்போது உதவி. படத்தில் நோக்கும்போது திரிபு. ஆயின், ஒரு வேற்றுமை உணரற்பாலது. புகை கண்டு நெருப்பை அனுமானிப்பவன் ஏதுவை எடுத்துக்காட்ட வல்லன். பிழையென்று காட்டியவிடத்து அனுமானத்தைக் கைவிடவும் வல்லன். கண்ணின் கண் நிகழும் இதுவோ ஏதுவும் புலனாகாது, கைவிடவும்படாது. ஆகலின் இதனை அனுமானம் என்றல் உவமையாற் பொருந்துமன்றி இலக்கணத்தாற் பொருந்துமோ என்பது அளவை வல்லார் ஆராய்தற்குரியது.

இதுகாறுங் கூறியவை கண்ணுடையார் பெரும்பாலார்க்கும் பொதுவாயின. பொதுவாயதொன்று தனியொருவன் குணத்தை உணர்த்தாதென்பது வெளிப்படை. என்னை? நெடிதாகத் தோன்றுதல் நல்லார்க்கும் தீயார்க்கும், கற்றார்க்கும் கல்லார்க்கும் ஒத்தலின். ஆயின் குணங்கூறும் படங்கள் இவ்வினத்தன அல்ல. அவை ஓருருவே இரண்டாகக் கொள்ளப்படும் இனத்தன. அவற்றுட் புகழ்பெற்றது வாத்தும் முயலுமாகிய உருவம். 1892-ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து நகைச்சுவை இதழொன்றில் அது முதற்கண் வெளிவந்தது. 1899-இல் ஜோசப் ஜாஸ்திரோ என்னும் அமெரிக்க உளநூலார் அதனை எடுத்தாண்டபின் உலகெங்கும் பரவிற்று. இடப்புறம் நீண்ட இரண்டு உறுப்புக்களை அலகெனக் கொண்டால் வாத்து. செவியெனக் கொண்டால் வலப்புறம் நோக்கும் முயல். கோடுகள் ஒன்றேனும் மாறுவதில்லை. மாறுவது பெயருஞ் சாதியுமே. நிருவிகற்பமாகப் பற்றப்படுவது ஒன்றாய் நிற்ப, சவிகற்பம் மாத்திரம் இரண்டாய்ப் பிரிதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு பழைய நூல்களிலும் அரிதிற் கிடைக்கும். இது குற்றியோ மகனோ என்னும் ஐயமன்று. ஐயத்தில் உண்மை ஒன்றே. விளக்கு வரின் துணிவு பிறக்கும். ஈண்டு எத்துணை விளக்குக் கொணரினும் இரண்டும் உளவாகவே இருக்கும். ஒரு காலத்து ஒன்றே தோன்றும்.

இவ்வின உருவங்களில் யார் எதனை முதலிற் காண்பர் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுதல் உண்மையே. அவ்வேறுபாடு எதனால் வருகின்றது என்பதே வினா. இப்பி வெள்ளியாகத் தோன்றும் திரிபை ஆராய்ந்த நியாய நூலார், முன் பிறிதோரிடத்துக் கண்ட வெள்ளியின் நினைவே இப்பியின்மேல் ஏறித் தோன்றுகின்றது என்பர். வெள்ளியை ஒருகாலுங் காணாதவன் இப்பியை வெள்ளியென மயங்கான். இக்கருத்தை மனத்துட்கொண்டு பின்வருஞ் சோதனைகளை நோக்குக. சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரத்து விலங்குச்சாலை வாயிலில், ஈஸ்டர்த் திருநாளன்று வந்தார்க்கும், அக்டோபர்த் திங்களில் வந்தார்க்கும் வாத்து-முயல் உருவம் காட்டப்பட்டது. ஆய்வு 1993-இல் வெளியாயிற்று. ஈஸ்டர் முயலென்று ஒன்றை அந்நாட்டுச் சிறார் கொண்டாடுவர். கடைகளெங்கும் இன்பண்ட முயல்கள் விற்கும். திருநாளன்று வந்தாருட் பெரும்பாலார் முயலைக் கண்டனர்; அக்டோபரில் வந்தாருட் பெரும்பாலார் பறவையைக் கண்டனர். காலம் மாற முதற்காட்சியும் மாறிற்று. இவ்விரு கூட்டத்தாரையும் குணவேறுபாடுடையார் என்று யார் கூறுவர்?

இளமங்கையும் முதுமகளுமாகத் தோன்றும் படமொன்றும் பலரறிந்தது. 1888-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு அஞ்சலட்டையொன்றிற் காணப்படும் அவ்வுருவத்தை, டபிள்யூ. ஈ. ஹில் என்னும் ஓவியர் 1915-இல் 'என் மனைவியும் என் மாமியாரும்' என்னும் பொருளுடைய தலைப்பிட்டு அமெரிக்க இதழொன்றில் வரைந்தனர். முதியாளைக் கண்டார் துயர் நோக்குடையார், இளையாளைக் கண்டார் மகிழ்நோக்குடையார் எனப் பயன் கூறுவார் பெரிதும் எடுத்தாள்வது இதுவே. 2018-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 18 முதல் 68 வரை வயதுடைய 393 பேர்க்கு இப்படத்தை அரைநொடி காட்டி வினவினர். இளையோர் இளையாளையும், மூத்தோர் முதியாளையும் காணும் சார்புடையராயினர். ஒருவன் தன் வயதினரோடே நாடோறும் பழகுதலின், அவர் முகமே அவன் கண்ணிற்கு விரைந்து தோன்றுகின்றது போலும். துயர்நோக்கு என்று எழுதப்பட்டது உண்மையிற் பிறந்த ஆண்டாயிருத்தல் நகைத்தற்குரியது.

2015-ஆம் ஆண்டில் உலகத்தாரை இருபாலாகப் பிரித்த ஆடைப்படத்தின் செய்தியும் இதனோடொக்கும். நீலமுங் கறுப்புமாகிய ஆடையொன்றன் நிழற்படத்தைப் பலர் வெள்ளையும் பொன்னுமாகவே கண்டனர். ஒருவர் கண்டதை மற்றவர் நம்பாது பூசலிட்டனர். பாஸ்கல் வாலிஷ் என்பார் ஏறத்தாழ 13,000 பேரை வினவி 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வைகறையில் எழும் வழக்கமுடையார் வெள்ளையும் பொன்னுமாகக் காண்டல் மிகுதி. இரவில் நெடிது விழித்திருப்பார்க்கு அது குறைவு. பகலொளியிற் பழகிய கண், படத்தின் நீலச் சாயலைப் பகலின் சாயலெனக் கொண்டு கழித்துவிடுகின்றது. விளக்கொளியிற் பழகிய கண் அங்ஙனம் செய்வதில்லை என்பது அவர் தந்த விளக்கம். ஈண்டும் வெளிப்படுவது பழக்கம்.

அற்றேல், முன்னர்க் கூறிய நீங்காத் திரிபும் பழக்கத்தான் வந்ததாகல் கூடாதோ எனின், அவ்வாறு கருதினார் உளர். அவர் கருத்து எளிதில் தள்ளற்பாலதன்று. இதன்கட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1898-இல் ஆஸ்திரேலியாவிற்கு வடக்கேயுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகட்கு மேற்கொண்ட யாத்திரை முதற்கட் குறிக்கப்படும். அக்கூட்டத்திற் சென்ற ரிவர்ஸ் என்பார், மரே தீவினரைக்கொண்டு மியூல்லர்-லையர் உருவத்தை அளந்து நோக்கினர். பின்னர் 1901, 1902-ஆம் ஆண்டுகளில் நீலகிரிக்கு வந்து தோதவரிடையே தங்கி அவர்தம் வாழ்க்கையை ஆராய்ந்தனர். 1906-இல் வெளிவந்த அவரது தோதவர் பற்றிய பெருநூல் இன்றும் பயிலப்படுவது. தோதவர் கண்ணையும் அவர் அவ்வுருவத்தாற் சோதித்தனர். நாகரிகம் மிகுந்தார் குறைய மயங்குவர், மலைவாணரும் தீவினரும் மிக மயங்குவர் என்று அக்காலத்து ஐரோப்பியர் எதிர்பார்த்தல் இயல்பு. சோதனையோ மாறாயிற்று. தீவினரும் தோதவரும் ஆங்கிலேயரினுங் குறைவாகவே மயங்கினர். ஆங்கிலேயர் உருவம் முழுவதையும் ஒருங்கே நோக்குதலானும், அவர் அளக்கவேண்டிய கோட்டையே நோக்குதலானும் இவ்வேறுபாடு வந்ததென ரிவர்ஸ் கருதினர். ஆயினும் நெடுங்கோடும் கிடைக்கோடும் ஒப்பிடும் மற்றோருருவத்தில் அவ்விரு கூட்டத்தாருமே ஆங்கிலேயரினும் மிக மயங்கினர். ஆதலின், ஒரு மக்கட்கூட்டம் 'மயங்கும் இயல்பினது', மற்றொன்று 'தெளியும் இயல்பினது' என்றல் அக்காலத்தே பொய்த்துப்போயிற்று.

அறுபதாண்டுகட்குப்பின், செகால், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் மூவர் ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், அமெரிக்கா முதலிய இடங்களிற் பல மக்கட்கூட்டங்களைச் சோதித்து 1966-இல் நூலொன்று வெளியிட்டனர். அமெரிக்க நகரத்தார் மிக மயங்கினர். ஒரு கோடு மற்றதனினும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீண்டிருந்தாலன்றி இரண்டும் ஒத்தன என அவர்க்குத் தோன்றிற்றில்லை. கலஹாரி பாலைநிலத்து வேட்டுவரோ பெரும்பாலும் மயங்கிற்றிலர். இதற்கு அம்மூவர் கூறிய காரணம் தச்சர் உலகம் என்பது. சுவரும் கூரையும் கதவும் நாற்கோண மூலைகளாய்ச் சூழ்ந்த இடத்தே வளர்ந்தவன், சாய்கோடுகளைக் கண்டவுடன் மூலைகளாகவே கொள்ளப் பழகுகின்றான். விரிந்த கோடுகளை உள்ளொடுங்கிய சேய்மை மூலையாகக் கருதி, அதனிடைப்பட்ட கோட்டை நீட்டிக் காண்கின்றான் என்பர். வளைந்த கூரையை நிலமளவும் இழுத்து வேய்ந்த தோதவர் இல்லங்களை நினைவார்க்கு இவ்விளக்கம் பெரிதும் பொருத்தமுடையதாகத் தோன்றும். இது மெய்யாயின், மியூல்லர்-லையர் உருவமும் இப்பி-வெள்ளி இனத்ததேயாகும். கண்டு பழகியதன் நினைவே திரிபாயிற்று எனல்வேண்டும்.

இதற்குத் தடையாய் வந்தது, இந்நாட்டிலே பிறவிக் குருடு நீங்கிய சிறார்வழிக் கிடைத்த சான்று. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பவன் சின்ஹா என்பார், பிறவியிலேயே கண்ணிற் படலம் மூடிப் பார்வையிழந்த இந்தியச் சிறார்க்கு அறுவை மருத்துவம் செய்விக்கும் 'பிரகாஷ்' என்னும் அறத்திட்டத்தை நடத்துபவர். அவருந் துணைவரும் 8 முதல் 16 வரை வயதுடைய ஒன்பது சிறார்க்கு, பார்வை வந்தவுடனே மியூல்லர்-லையர் உருவத்தையும், அதனோடொத்த பொன்சோ உருவத்தையும் காட்டினர். பொன்சோ உருவமாவது, மேல்நோக்கி ஒருங்கும் இரு சாய்கோடுகளிடையே கிடந்த ஒத்த கோடுகளில் மேற்கோடு நெடிதாகத் தோன்றுவது. அச்சிறார் சுவரின் மூலையைக் கண்டு பழகியவரல்லர், கையாற் தடவியறிந்தவரே. எனினும், கண் திறந்த அவ்வளவிலே அவரும் பிறர் மயங்கியவாறே மயங்கினர். 2015-இல் வெளியான இவ்வாராய்ச்சி, இத்திரிபு கண்டு பழகியதனால் மாத்திரம் வருவதன்று, காணுங் கருவியின் அமைப்போடு பிறந்தது என்பதனை வற்புறுத்தும். பழக்கம் அதனைக் கூட்டவுங் குறைக்கவும் வல்லதோ என்னும் வாதம் ஓயவில்லை; தோற்றுவித்தது பழக்கமே என்னும் வாதம் பெரிதும் தளர்ந்தது. வாழ்நாளில் முதன்முறை உலகத்தைக் காணும் சிறுவன் கண்ட முதற் பொருள்களுள் ஒன்று திரிபாயிற்று என்பது நின்று நினைதற்குரியது.

ஆகவே, அறிந்தும் நீங்காத் திரிபு கருவியின் இயல்பு, அது தனியொருவனுடையதன்று. ஓருருவை இரண்டனுள் ஒன்றாகக் கொள்ளுதல் நினைவின் செயல். அது அவன் வயதையும், பருவத்தையும், எழும் பொழுதையும் ஒருவாறு காட்டும். குணம் யாண்டுளது?

குணத்தோடு இயைபு தேடிய உளநூலார் சிலரும் உளர். அவர் கண்டவற்றை மறைத்தல் நேர்மையன்று. ஒரு கண்ணிற் செந்நிறமும் மறுகண்ணிற் பசுநிறமும் ஒருங்கே காட்டின், மனம் ஒன்றைவிட்டு ஒன்றை மாறிமாறிக் காணும். சிற்சில நொடி இரண்டும் கலந்த ஒட்டுத்துணிபோலத் தோன்றும். புதியன நாடும் மனமுடையார்க்கு அக்கலப்பு நெடிது நிற்கின்றது என 2017-இல் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் பல திரிபுருவங்களை ஒருவர்க்கே காட்டி அளந்தபொழுது, ஓருருவத்தில் மிக மயங்கினவர் மற்றோருருவத்தில் மயங்குவர் என்னும் நியதி பெரும்பாலும் காணப்படவில்லை. 2023-இல் வெளியான மற்றோராய்வு, திரிபுகட்கெல்லாம் பொதுவான ஏதுவொன்று உண்டென்றும், அது குணங்கள் சிலவற்றோடு இயைபுடையதென்றும் கூறும். இவ்வாறு வல்லாரே மாறுகொள்ளுமிடத்து, அவர் கூறும் இயைபும் பலரை ஒருங்குவைத்து எண்ணியவிடத்துப் புலனாகும் சிறு சார்பே யன்றி, ஒருவனை முன்னிறுத்தி 'நீ இன்னன்' எனத் துணிதற்குரியதன்று.

நெக்கர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், படிகங்களின் வரைபடத்தை உற்று நோக்குங்கால் முன்பக்கம் பின்பக்கமாய் மாறி மாறித் தோன்றுதலை 1832-இல் எடுத்துரைத்தனர். கோடுகளாலாகிய அப்பெட்டி உருவை நோக்கிக்கொண்டே இருப்பார்க்குச் சில நொடிகட்கொருமுறை அது தானே புரளும். வாத்தும் முயலும், முதியாளும் இளையாளும் ஒருமுறை இரண்டனையும் அறிந்தார்க்கு இங்ஙனமே புரள்வன. முதலில் தோன்றியதே குணத்தைக் காட்டுமாயின், அடுத்த நொடி தோன்றியது யாரைக் காட்டும்?

மையைத் தாளிற் கொட்டி மடித்த கறைகளைக் காட்டி உளநிலை ஆராயும் முறையை ஹெர்மன் ரோர்ஷாக் என்பார் 1921-இல் வெளியிட்டனர். அது வேறு, அக்கறைகள் திரிபுருவங்களல்ல, உருவமற்றன. அதன் வன்மை மென்மை பற்றியும் உளநூலாரிடை நெடுங்காலப் பூசல் உண்டு. இரண்டனையும் ஒன்றாக்கிப் பேசுதல் பொருந்தாது.

இனி, திரிபின்மையே தெளிவுக்கு அடையாளம் என்பாரை ஒரு செய்தி தடுத்து நிறுத்தும். மண்பொம்மை செய்யும் அச்சின் உட்குழிந்த முகத்தைச் சிறிது தொலைவிலிருந்து ஒரு கண்ணால் நோக்குவார்க்கு, அது குழியாகத் தோன்றாது புடைத்த முகமாகவே தோன்றும். குழிந்த முகம் உலகத்தில் இல்லையாகலின், கண் அதனை ஏற்றுக்கொள்வதில்லை. உளச்சிதைவு நோயுற்றார் சிலர் இதனைக் குழியாகவே, உள்ளவாறே காண்கின்றனர் என்பது பல சோதனைகளிற் கண்டது. 2009-இல் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் உள்ள ஆராய்ச்சியாளர் அவர்தம் மூளையின் செயலையும் உடனளந்து காட்டினர். பிறர் எல்லாம் மயங்க, நோயாளன் மயங்கிற்றிலன். பொறி தருவதனைப் புத்தி தன் முன்னறிவோடு கூட்டி நிச்சயிக்கும் தொழில் அவன்பால் தளர்ந்தமையே அதற்குக் காரணமாகக் கூறுப. நலமுடையானது திரிபு அவனது நலத்தின் விளைவே என்பது இதனாற் போதரும். இங்ஙனமாகவும் ஒருவன் இப்படத்தில் மயங்கினான், மயங்கிற்றிலன் என்பதுகொண்டு அவன் நோயுடையான் அல்லது நோயிலான் என வீட்டிலிருந்து துணிதல் பெரும் பிழை. சோதனையிற் புலப்பட்டது கூட்டத்தின் வேற்றுமையே.

அற்றேல், இப்படங்களின் கீழெழுதிய குணப்பயனைப் படிப்பார் பலர் "உள்ளவாறே உளது, என்னையே எழுதினாற்போலும்" என வியத்தல் யாங்ஙனம் எனின், அவ்வியப்பின் காரணம் படத்தில் இல்லை, பயனுரையில் உளது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலாசிரியர் பெர்ட்ரம் ஃபோரர் என்பார் தம் மாணாக்கர் 39 பேர்க்குக் குணச்சோதனையொன்று நடத்தி, ஒரு வாரங்கழித்து ஒவ்வொருவர்க்கும் அவர் பெயரெழுதிய குணவிளக்கத் தாளொன்று தந்தனர். எத்துணைப் பொருத்தமென்று ஐந்திற்கு மதிப்பெண் இடுமாறு பணித்தனர். சராசரி 4.26 ஆயிற்று. உண்மையில் எல்லார்க்குந் தந்த தாள் ஒன்றே. கடையில் விற்கும் சோதிட நூலொன்றிலிருந்து பெரும்பாலும் எடுத்த பொதுமொழிகளே அதில் நிரம்பியிருந்தன. பிறர் தம்மை விரும்பவேண்டும் என்னும் அவாவுடையர், வெளியே அடக்கமுடையார்போற் காணப்படினும் உள்ளே கவலையுடையர், ஒருகாற் கலந்து பழகுவர், ஒருகால் ஒதுங்கியிருப்பர் என்னும் இத்திறத்தனவாகிய தொடர்கள் யாவர்க்குப் பொருந்தா? முதியாளைக் கண்டார்க்கு எழுதிய பயனையும் இளையாளைக் கண்டார்க்கு எழுதிய பயனையும் தம்முள் மாற்றி வைத்தாலும், படிப்பார் வியப்பிற் குறைவு நேராது. வீட்டிலுள்ளார் எவரும் இதனை ஒருநாட் செய்து பார்க்கலாம்.

இத்திரிபு எவ்வினத்தது என்பதனையும் ஃபோரரது வகுப்பே காட்டிற்று. சோதனை நன்கு பொருந்திற்று என்பார் கையுயர்த்துக என்றபொழுது ஏறத்தாழ எல்லாரும் உயர்த்தினர். பின்னர் அவர் தாளின் முதற்றொடரைப் படித்து, தமக்கும் இது வந்ததோ என வினவினர். மீண்டும் எல்லாக் கைகளும் எழுந்தன. வகுப்பிற் சிரிப்பும் எழுந்தது. அளந்து காட்டியபின்னும் நீங்காத மியூல்லர்-லையர் கோடுபோல அது நின்றிலது. அருகிலிருந்தான் தாளில் அதுவே எழுதப்பட்டிருந்தது என்று அறிந்த அளவிலே, விளக்கின்முன் கயிற்றரவு ஒழிந்தாற்போல ஒழிந்தது.